ஆவணமற்ற பழைய வானொலிக் கருவிகளின் இயங்கு அதிர்வெண்ணைக் கண்டறிதல்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் களஆய்வாளர்க்கான ஒரு நெறி

ஆய்வுச்சுருக்கம்

சிற்றூர்களில் எஞ்சியிருக்கும் பழைய வானொலிப் பெட்டிகள் பெரும்பாலும் கையேடோ சுற்றுப்படமோ விற்பனைச் சீட்டோ இன்றியே ஆய்வாளர் கைக்கு வருகின்றன. அத்தகைய பெட்டி எந்த அதிர்வெண்ணில் இயங்கியது என்பதை அறிந்தால், அது எக்காலத்தது, எந்த நிலையத்தைக் கேட்கப் பயன்பட்டது, அதைப்பற்றிய வாய்மொழிச் செய்தி எவ்வளவு ஏற்கத்தக்கது ஆகியவற்றை உறுதிசெய்ய இயலும். திருச்சிராப்பள்ளி வானொலி நிலையத்தின் ஒலிபரப்பெல்லைக்குள் அமைந்த பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து, டயல் கண்ணாடி, உள்ளுறுப்புகள், பெட்டியே வெளிவிடும் அலை ஆகிய மூன்று சான்றுகளையும் எவ்வரிசையில் படிக்கவேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வானொலி வரலாறு, அதிர்வெண், அலைநீளம், டயல் கண்ணாடி, இடைநிலை அதிர்வெண், திருச்சிராப்பள்ளி வானொலி, பொருள்சார் பண்பாடு.

முன்னுரை

தமிழக ஊடக வரலாற்றாய்வுகள் வானொலி நிகழ்ச்சிகளையும் வானொலி எழுத்தாளர்களையும் பற்றி ஓரளவு விரிவாகவே பேசியுள்ளன. கேட்ட பெட்டியைப் பற்றிப் பேசியவை குறைவு. கல்வெட்டைப் படியெடுக்கும் நெறியும் சுவடியைப் பதிப்பிக்கும் நெறியும் நமக்கு உண்டு. வானொலிப் பெட்டியைப் படிக்கும் நெறி நம் துறைக்குள் இன்னும் வரவில்லை. அதனால் களஆய்வில் ஒரு பெட்டி கிடைத்தால் அதைப் படமெடுத்து, 'பழைய வானொலிப் பெட்டி' என்று ஒருவரி எழுதி நிறுத்திக்கொள்கிறோம். அடுத்தமுறை அவ்வூருக்குச் செல்லும்போது பெட்டி பழைய இரும்புக்கடைக்குப் போயிருக்கும். வால்வுகள் உடைந்து, செம்புச் சுருள் தனியே எடைக்குப் போய், மரக்கூடு அடுப்புக்கு வந்த பிறகு அந்தப் பெட்டியிடம் கேட்பதற்கு எதுவும் இராது.

அரியலூர்ப் பகுதியில் தொல்லுயிர்ப் படிமம் தேடுவோர் ஒன்றை நன்கறிவர். அம்மோனைட் ஓடு கிடைத்த படிவத்தைக் குறித்துக்கொள்ளாமல் ஓட்டை மட்டும் எடுத்துவந்தால் அது அழகுப்பொருளாகுமே தவிரச் சான்றாகாது. சாத்தனூர்க் கல்மரம் கிடந்த இடத்திலேயே காக்கப்படுவதும் இதனால்தான். வானொலிப் பெட்டிக்கும் இத்தகைய படிவம் ஒன்று உண்டு; அது அப்பெட்டி இசைவிக்கப்பட்ட அதிர்வெண். ஒரு திருகைத் தேவையின்றித் திருப்பினாலே அது கலைந்துவிடும்.

பெரம்பலூர் மாவட்டம் 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் பெரம்பலூருடன் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடியும் தனித்தது. ஆகவே, வானொலி பரவிய காலத்து எழுத்தாவணங்களில் இவ்வூர்கள் திருச்சிராப்பள்ளி மாவட்டத்து ஊர்களாகவே இடம்பெறும். தேடுவோர் இதை மனத்திற்கொள்ளவேண்டும்.

திருச்சி நிலையமும் அதன் இரு எண்களும்

சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சிராப்பள்ளியில் 1939 மே 16 அன்றும் தொடங்கின. தொடக்கத்தில் திருச்சி நிலையம் 5 கிலோவாட் ஆற்றலுடன் மத்திய அலையில் 758 கிலோசைக்கிளில், அதாவது 395.8 மீட்டரில் ஒலித்தது. பின்னாளில் அதன் அதிர்வெண் 936 கிலோஹெர்ட்ஸ் ஆயிற்று. அலைநீளத்தில் சொன்னால் 320 மீட்டர். சென்னைக்கும் இதே வகை மாற்றம் நேர்ந்தது. தொடக்க ஆண்டுகளில் 1420 கிலோசைக்கிளில் (211 மீட்டர்) ஒலித்த நிலையம் பிற்காலத்தில் 720க்கு (416 மீட்டர்) வந்தது. கிலோசைக்கிளும் கிலோஹெர்ட்ஸும் ஒரே அளவுதான். 'ஹெர்ட்ஸ்' என்ற பெயர் 1960இல் பன்னாட்டு அலகுமுறையில் இடம்பெற்ற பின்னரே பெட்டிகளின்மேல் பரவலாயிற்று. மூன்று இலட்சத்தைக் கிலோஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் மீட்டர் கிடைக்கும். ஆய்வாளர்க்கு இந்த ஒரு கணக்கு மனப்பாடமாக இருக்கவேண்டும்.

இடையில் 1978 நவம்பர் 23 அன்று ஒரு பொதுமாற்றம் நடந்தது. 1975ஆம் ஆண்டு ஜெனீவா மாநாட்டின் திட்டப்படி ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா முதலிய பகுதிகளின் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசைப்படுத்தப்பட்டன. சென்னை 720, 783, திருச்சி 936, கோவை 999, திருநெல்வேலி 1197, மதுரை 1269 என்று எதை எடுத்தாலும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். 758 வகுபடாது. ஒரு பெட்டியிலோ குறிப்பேட்டிலோ மத்திய அலை எண் ஒன்று கிடைத்தால், முதலில் அதன் இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பது நல்லது. கூட்டுத்தொகை ஒன்பதின் மடங்காக இல்லையெனில் அது 1978க்கு முற்பட்ட எண்ணாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. மடங்காக இருந்தால் மட்டும் பிற்பட்டது எனக் கொண்டுவிடலாகாது. 720 என்பது எக்காலத்திலும் ஒன்பதின் மடங்குதான்.

டயல் கண்ணாடி

பெட்டியின் முகத்திலுள்ள டயல் கண்ணாடியே நாம் படிக்கவேண்டிய முதல் ஏடு. அதில் கிலோசைக்கிள் எண்கள், மீட்டர் எண்கள், நிலையங்களின் ஊர்ப்பெயர்கள் ஆகிய மூன்றும் இருக்கக்கூடும். பலர் ஊர்ப்பெயரை மட்டும் படித்து, 'திருச்சி என்று எழுதியிருக்கிறது. எனவே திருச்சி கேட்ட பெட்டி' என முடித்துவிடுகின்றனர். ஆனால் பெயர் எந்த எண்ணுக்கு நேரே அச்சிடப்பட்டிருக்கிறது என்பதில்தான் செய்தி உள்ளது. திருச்சி 395 மீட்டருக்கு அருகில் இருந்தால் அக்கண்ணாடி நிலையத்தின் தொடக்க ஒழுங்கை ஒட்டி அச்சிடப்பட்டது. 320க்கு அருகில் இருந்தால் பிற்காலத்தது. சென்னையின் பெயர் 211இல் உள்ளதா 416இல் உள்ளதா என்பதையும் அவ்வாறே ஒப்பிடலாம். இரு ஊர்களும் ஒரே காலத்தைச் சுட்டினால் கண்ணாடியின் காலம் உறுதிப்படும். முரண்பட்டால் இடைப்பட்ட ஒரு கட்டத்தைத் தேடவேண்டும். லாகூர், டாக்கா ஆகியன இந்திய நிலையங்களோடு ஒரே வரிசையில் நிற்பது பிரிவினைக்கு முற்பட்ட வடிவமைப்பைச் சுட்டலாம். ஆனால் அயல்நாட்டு நிலையங்களையும் டயலில் அச்சிடும் வழக்கம் இருந்ததால் இது துணைச்சான்றே.

மத்திய அலை எங்கே முடிகிறது என்பதும் கவனத்திற்குரியது. 1930களின் பெட்டிகள் பலவற்றில் அது 1500 அல்லது 1560 அளவில் நின்றுவிடும். பிற்காலப் பெட்டிகளில் 1600ஐத் தாண்டும்.

அச்செழுத்துக்கு அடுத்து, கேட்டவர்களின் கை விட்டுச்சென்ற தடயம் உண்டு. கண்ணாடியில் வைத்த மைப்பொட்டு, ஓரத்தில் ஒட்டிய தாள்துண்டு, ஊசியால் கீறிய கோடு ஆகியவை வீட்டார் தாம் நாள்தோறும் திருப்பும் நிலையத்துக்கு இட்ட குறிகள். அச்சிட்ட 'திருச்சி' 395இல் இருக்க, மைப்பொட்டு 320இல் இருக்குமானால், பெட்டி வாங்கப்பட்ட பின் நிலையம் இடம்மாறியதையும் அதன் பின்னரும் அப்பெட்டி பயன்பாட்டில் இருந்ததையும் ஒரே கண்ணாடி காட்டிவிடுகிறது. சுவடியின் ஓரக்குறிப்பை எவ்வளவு மதிக்கிறோமோ அவ்வளவு இதையும் மதிக்கவேண்டும். பெட்டியைத் துடைத்துப் பளபளப்பாக்கிப் படமெடுக்கும் ஆர்வத்தில் முதலில் அழிவது இப்பொட்டுதான். ஆகவே துடைக்கும் முன்பே படமெடுத்துவிட வேண்டும்.

டயலை மட்டும் நம்பவும் இயலாது. முள்ளை இழுக்கும் நூல் அறுந்து மீண்டும் கட்டப்பட்டிருந்தால் முள் ஓரங்குலம் விலகி நிற்கும். கண்ணாடி உடைந்து வேறொரு பெட்டியின் கண்ணாடி பொருத்தப்பட்டிருக்கவும் கூடும். எனவே அடுத்த சான்றுக்குச் செல்லவேண்டியுள்ளது.

உள்ளுறுப்புகள் தரும் செய்தி

பின்பலகையைத் திறக்குமுன் ஓர் எச்சரிக்கை. மின்மாற்றி இல்லாமல் நேர்மின்சாரம், மாறுமின்சாரம் இரண்டிலும் இயங்கும் வகைப் பெட்டிகளில் உலோகச் சட்டமே மின்கம்பியோடு இணைந்திருக்கும். தொட்டால் உயிருக்கு ஆபத்து. பல்லாண்டுகள் கிடந்த பெட்டியை நேரே மின்சாரத்தில் செருகினால் பழைய மின்தேக்கிகள் வெடிக்கும், மின்மாற்றி எரியும். பழகிய ரேடியோ மெக்கானிக் ஒருவரை உடன்வைத்து, அவர்கள் வழக்கப்படி சீரியல் பல்பு வழியாகவே மின்சாரம் தரவேண்டும்.

வால்வுகளின் எண்கள் முதலில் குறிக்கப்பட வேண்டியவை. டிகே91, டிஎஃப்91, டிஏஎஃப்91, டிஎல்92 என்னும் நான்கும் சேர்ந்திருந்தால் அது மின்கல அடுக்கில் இயங்கிய பெட்டி. மின்சாரம் எட்டாத ஊரில் பயன்பட்டிருக்கலாம் என்ற கருதுகோளுக்கு இது வலுச்சேர்க்கும். அமெரிக்க வழக்கில் இவையே 1ஆர்5, 1டி4, 1எஸ்5, 3எஸ்4 எனப்படும். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1954இல் தோன்றியது. அதன் முத்திரையுள்ள வால்வு அதற்கு முற்பட்டதாக இருக்கமுடியாது. ஆனால் வால்வு என்பது மாற்றப்படும் உறுப்பு. அதன் முத்திரை பெட்டி பழுதுபார்க்கப்பட்ட காலத்தைத்தான் காட்டுமே தவிர, செய்யப்பட்ட காலத்தை அன்று.

மாற்றப்படுவது அரிதான உறுப்புகள் சுருளும் கேங் கண்டன்சரும். இவையே இசைவு அதிர்வெண்ணைத் தீர்மானிப்பவை. சுருளின் தூண்டத்தை மைக்ரோஹென்றியிலும் மின்தேக்கியின் அளவைப் பிக்கோஃபேரடிலும் அளந்து, இரண்டையும் பெருக்கி, பெருக்குத்தொகையின் வர்க்கமூலத்தால் 159155ஐ வகுத்தால் கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். மின்சாரமே தராமல், உயிரற்ற பெட்டியிலும் செய்யக்கூடிய கணக்கு இது. அளக்குமுன் அவ்வுறுப்பின் ஒரு முனையையாவது சுற்றிலிருந்து விடுவிக்கவேண்டும்; இன்றேல் அருகிலுள்ள உறுப்புகளும் சேர்ந்து அளவைக் கெடுக்கும். விடுவிக்க மனமில்லையெனில் கிரிட் டிப் மீட்டரைச் சுருளின் அருகில் பிடித்து, முள் தாழும் இடத்தைப் படிக்கலாம்.

டயலே இல்லாத, ஒரே நிலையத்துக்கென இசைவித்து அடைக்கப்பட்ட பெட்டி கிடைத்தால் இக்கணக்கே துணை. எடுத்துக்காட்டாக, சுருள் 180 மைக்ரோஹென்றி எனக் கொள்வோம். அதனோடு மொத்தம் 245 பிக்கோஃபேரட் இணைந்திருந்தால் விடை 758, பழைய திருச்சி. 161 பிக்கோஃபேரட் என்றால் விடை ஏறத்தாழ 935 வரும், பிற்காலத் திருச்சி. ஒரே பெட்டியில் 84 பிக்கோஃபேரட் அளவுள்ள ஒரு மின்தேக்கி வெட்டி நீக்கப்பட்ட ஈயப்பற்றுத் தடம் காணப்பட்டால், அப்பெட்டி பழைய எண்ணிலிருந்து புதிய எண்ணுக்கு மாற்றப்பட்டதெனக் கருதலாம். ஈயப்பற்றின் நிறமும் மெருகும் கூடச் சான்றுதான்.

பெட்டியே வெளிவிடும் அலை

இயங்கும் நிலையிலுள்ள பெட்டியாயின் இன்னும் துல்லியமான வழியொன்று உண்டு. 1930களின் நடுவிலிருந்து வீட்டு வானொலிகளிற் பெரும்பாலானவை சூப்பர் ஹெட்டரோடைன் முறையில் அமைந்தவை. அவை தமக்குள் ஓர் அலையை உண்டாக்கி, வரும் அலையோடு கலந்து, எந்த நிலையமாயினும் ஒரே இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றி ஒலிக்கின்றன. உள்ளே உண்டாக்கும் அலை சிறிதளவு வெளியிலும் கசிகிறது. கேட்கும் கருவியே ஒரு சிறு ஒலிபரப்பியாகவும் இருக்கிறது என்பது இதன் பொருள். பிரிட்டனின் உளவமைப்பான எம்.ஐ.5 இக்கசிவைப் பயன்படுத்தி, சோவியத் ஒற்றர்கள் எந்த அதிர்வெண்ணைக் கேட்கிறார்கள் எனக் கண்டறிய முயன்றது. 'ராஃப்டர்' எனப்பட்ட அம்முறையைப் பீட்டர் ரைட் 1987இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். ஒற்றர்க்குப் பயன்பட்ட நுட்பம் ஊராட்சி வானொலிக்கும் பயன்படும்.

மத்திய அலையில் உள் அலை, கேட்கும் நிலையத்தைவிட இடைநிலை அதிர்வெண் அளவு மேலே இருப்பது வழக்கம். இடைநிலை 455 என்றால், 936 கேட்கும் பெட்டி 1391இல் அலையைக் கசியவிடும். ஒரு கிலோஹெர்ட்ஸ் படியாக நகரக்கூடிய எண்முறை வானொலி ஒன்றைப் பெட்டியின் பக்கத்தில் வைத்து, 1391இல் நிறுத்தினால், இரைச்சல் அடங்கி ஒரு மௌனம் விழும். பெட்டியின் குமிழைச் சற்றே அசைத்தால் அம்மௌனம் இடம்மாறும். அசைவோடு சேர்ந்து அது நகர்வதே, அவ்வலை இப்பெட்டியிலிருந்துதான் வருகிறது என்பதற்கான சோதனை. ஒன்பது கிலோஹெர்ட்ஸ் படியாக மட்டும் தாவும் வானொலி இதற்கு ஒத்துவராது; அதில் 1386உம் 1395உம் உண்டு, 1391 இல்லை. டயலின் மேல்முனைக்கு உரிய உள் அலை 2000ஐத் தாண்டிவிடும் என்பதால், இடையறாது சிற்றலைவரை செல்லும் வானொலியோ கணினியில் செருகும் மென்பொருள் வானொலியோ இருப்பின் நன்று.

இதில் முதற்சிக்கல், இடைநிலை அதிர்வெண் எது என்பதே. எல்லாப் பெட்டிகளும் 455இல் அமைந்தவை அல்ல. 452, 465, 470 ஆகியனவும் வழக்கில் இருந்தன. எனவே தெரிந்த ஒன்றிலிருந்து தெரியாததற்குச் செல்லவேண்டும். பெரம்பலூரிலோ அரியலூரிலோ பகல்நேரத்தில் திருச்சி 936 தெளிவாகக் கிடைக்கும் வேளையில் பெட்டியை அதில் சரியாக நிறுத்தி, கசியும் அலையை அளக்கவேண்டும். 1391 என்றால் இடைநிலை 455. 1401 என்றால் 465. 1406 என்றால் 470. இவ்வெண் ஒருமுறை கிடைத்துவிட்டால், அதன்பின் டயலில் எந்த இடத்தில் முள் நின்றாலும், கசியும் அலையிலிருந்து அதைக் கழித்து அவ்விடத்தின் உண்மை அதிர்வெண்ணை அறியலாம். நூல் மாற்றிக் கட்டப்பட்ட டயலின் பிழையும் இதனால் வெளிப்படும். பகலைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு: பகலில் மத்திய அலை நிலத்தையொட்டியே செல்கிறது; இருட்டியபின் மேல்வளிமண்டலத்தில் பட்டு மீளும் தொலைநிலையங்கள் வந்து கலக்கும்.

936இல் எழும் சீழ்க்கை

திருச்சிப் பகுதிக்கே உரிய ஒரு சோதனையை இங்குத் தனியே சுட்டவேண்டும். ஒலிபிரிக்கும் கட்டத்தில் இடைநிலை அதிர்வெண்ணின் இருமடங்கும் தோன்றும். இடைநிலை 465 எனில் அது 930. 470 எனில் 940. இரண்டும் 936க்கு மிக அருகில் உள்ளவை. அவ்வலை பெட்டியின் முன்கட்டத்துக்குத் திரும்பிக் கலந்தால், முன்னதில் 6 கிலோஹெர்ட்ஸ், பின்னதில் 4 கிலோஹெர்ட்ஸ் சீழ்க்கையொலியாகத் திருச்சி நிகழ்ச்சியின்மேல் கேட்கும். 455 பெட்டியில் இருமடங்கு 910 ஆகையால் வேறுபாடு 26. அது செவிக்கு எட்டாது.

இரு நிலையங்கள் நெருங்கி மோதும்போதும் சீழ்க்கை எழுவதுண்டு. ஆனால் அச்சீழ்க்கையின் சுதி குமிழைத் திருப்பினாலும் மாறாது. ஒலியளவு மட்டும் கூடும், குறையும். இங்கு நாம் சொல்லும் சீழ்க்கை குமிழோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஆகவே எந்தக் கருவியும் இல்லாத ஆய்வாளர்கூட, காதை மட்டும் கொண்டு, 'இப்பெட்டியின் இடைநிலை அதிர்வெண் 468ஐ ஒட்டியது' எனக் கருதலாம். சீழ்க்கை கேட்கவில்லை என்பதைக்கொண்டு மறுதலையாக முடிவுசெய்தல் கூடாது; நன்கு மறைப்பிடப்பட்ட பெட்டியில் அது எழாமலே போகலாம்.

நிலையம் 758இல் ஒலித்தவரை இவ்வகைப் பெட்டிகள் திருச்சியைத் தடையின்றிக் கேட்டிருக்கும். 936க்கு மாறியபின் சீழ்க்கை எழுந்திருக்கும். அதைப் போக்க மெக்கானிக் செய்யக்கூடியது இடைநிலை அதிர்வெண்ணையே சற்று நகர்த்துவது. எனவே, இன்று நாம் அளக்கும் 455 ஆலையில் வைத்த எண்ணாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மரின் திருகுமுனையில் ஆலையிட்ட மெழுகு உடையாமல் இருக்கிறதா எனப் பார்க்கவேண்டும். மெழுகு முழுதாயின் எண் பழையது. உடைந்திருந்தால் அந்த எண் பழுதுபார்த்தவரின் எண்ணாக இருக்கலாம். இரண்டுமே வரலாறுதான், ஒன்றை மற்றொன்றாகப் பதிவுசெய்வதே தவறு. சரியாகக் கேட்கவில்லை என்பதற்காகத் திருகுகளைத் திருப்பி 'அலைன்மெண்ட்' செய்துதர முன்வரும் நண்பரை, அளவெடுத்து முடியும்வரை அன்போடு தடுத்துவைக்கவேண்டியிருப்பதும் இதனால்தான்.

படிகம் பதித்த கருவிகள்

கேட்கும் பெட்டிகளன்றி, பேசவும் கேட்கவும் உதவும் கம்பியில்லாக் கருவிகளும் அரிதாகக் கிடைக்கும். அவற்றின் அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது குவார்ட்ஸ் படிகம். உலோகக் கூட்டின்மேல் எண் பொறித்திருக்கும். அவ்வெண்ணே ஒலிபரப்பு அதிர்வெண் என எண்ணிவிடக்கூடாது. மிக உயர் அதிர்வெண் கருவிகளில் படிகத்தின் அலை பல கட்டங்களில் இரட்டிக்கப்பட்டோ மும்மடங்காக்கப்பட்டோ வெளியேறும். 13.5 மெகாஹெர்ட்ஸ் படிகம் 12 மடங்கானால் 162. அடுத்தடுத்த கட்டங்களில் சுருளின் சுற்றுகள் குறைந்துகொண்டே போவதைக் கண்டு மடங்கை ஊகிக்கலாம். பேசுதற்கொன்றும் கேட்டற்கொன்றுமாக இரு படிகங்கள் இருந்து, அவற்றின் வேறுபாடு ஓர் இடைநிலை அதிர்வெண்ணுக்குச் சமமானால் ஐயம் நீங்கும்: 27.185, 26.730 என்ற இணையின் வேறுபாடு 0.455.

இக்கருவிகளை மின்சாரம் தந்து சோதித்தல் ஆய்வாளர் வேலையன்று. 1934 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த 1933ஆம் ஆண்டு இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றிக் கருவியை வைத்திருப்பதையே தடுத்தது. இன்றும் ஒலிபரப்பும் கருவியை இயக்க உரிமம் வேண்டும். படிகத்தின் எண்ணைக் குறித்துக்கொள்வதோடு நின்றுவிடலாம்.

வாய்மொழிச் சான்றும் அதிர்வெண்ணும்

இவ்வளவு நுணுக்கம் தமிழாய்வுக்கு எதற்கு என்ற வினா எழலாம். வாய்மொழி வரலாற்றைப் பயன்படுத்துவோர்க்கு இது நேரடித் தேவை. 'இந்தப் பெட்டியில்தான் நேதாஜியின் பேச்சைத் தாத்தா கேட்டார்' என்று ஒரு குடும்பத்தார் சொல்வதாகக் கொள்வோம். சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் வானொலி 1942இல் பெர்லினிலிருந்து சிற்றலையில் ஒலித்தது. பெட்டியில் மத்திய அலை மட்டுமே இருப்பின் அப்பேச்சு அதில் கேட்டிருக்க வழியில்லை. அதனால் தாத்தா பொய்யர் ஆகிவிடமாட்டார். வேறொரு வீட்டில், வேறொரு பெட்டியில் கேட்ட நினைவு இப்பெட்டியில் வந்து ஒட்டியிருக்கலாம். நினைவு ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்கு எவ்வாறு இடம்மாறுகிறது என்பதே நல்ல ஆய்வுப்பொருள். ஆனால் அவ்வினாவை எழுப்பவே பெட்டியின் அலைவரம்பு நமக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

வேளாண் வரலாற்றிலும் இத்தேவை உண்டு. 1960களில் திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பால் தஞ்சைப் பகுதியில் பரவிய ஆடுதுறை 27 நெல் 'ரேடியோ நெல்' என்றே பெயர்பெற்றது. கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள அரியலூர்ப் பகுதியின் ஊர்களில் இவ்வொலிபரப்பு எவ்வாறு கேட்கப்பட்டது என ஆராய்பவர், ஊராட்சி வானொலி அறையில் இருந்த பெட்டி திருச்சிக்கு இசைவிக்கப்பட்டிருந்ததா என்பதை அப்பெட்டியிடமே கேட்கலாம். இத்தகைய இடத்தில் ஒலிபரப்பின் வரலாறு கேட்டவர்களின் வரலாறாக மாறுகிறது. என் ஆர்வம் இதில்தான்.

அதிர்வெண் கிடைத்தபின் அதை நிலையத்தோடு பொருத்துவதற்கு எழுத்துச்சான்றுகள் உள்ளன. அகில இந்திய வானொலியின் 'தி இண்டியன் லிசனர்' இதழ் நிலையங்களின் அதிர்வெண்ணையும் மீட்டரையும் அச்சிட்டது. 1947 முதல் ஆண்டுதோறும் வெளிவரும் உலக வானொலித் தொலைக்காட்சிக் கையேடு அயல்நாட்டு நிலையங்களுக்கும் பயன்படும். அஞ்சலகத்தில் ஆண்டுக்கட்டணம் செலுத்திப் பெற்ற வானொலி உரிமப் புத்தகம் வீட்டுப் பரணில் இருந்தால் அது பெரும்பேறு. பெட்டியைக் காட்டுவோரிடம் அப்புத்தகத்தையும் கேட்கவேண்டும். பெட்டி இரும்புக்குப் போயிருந்தாலும் புத்தகம் எஞ்சியிருக்கலாம்.

பதிவுமுறை

அளவெடுத்த பெட்டிக்கு ஓர் அட்டை எழுதவேண்டும். ஊர், பெட்டி இருந்த இடம், வால்வு எண்கள், டயலின் எழுத்து முழுவதும், குறிகள், கசியும் அலையின் எண், அதை அளந்த நாளும் நேரமும், மெழுகின் நிலை ஆகியவை அதில் இடம்பெறவேண்டும். நேரே அளந்த எண்ணையும் கணக்கிட்டுப் பெற்ற எண்ணையும் வெவ்வேறு மையில் எழுதுவது என் வழக்கம். ஒரு நாள் இடைநிலை அதிர்வெண் பற்றிய முடிவு மாறினாலும் அளந்த எண் மாறாமல் நிற்கும். 'எத்திருகும் தொடப்படவில்லை' அல்லது 'இன்ன திருகு தொடப்பட்டது' என்ற வரியும் வேண்டும். அட்டையின் படியொன்றை உறையிலிட்டு, வெப்பமேறும் வால்வுகளிலிருந்து விலக்கி, பெட்டியின் பின்பலகையில் வெளிப்புறமாக ஒட்டி, பெட்டியை உரியவரிடமே ஒப்படைத்துவிடலாம்.